ரிவர்ஸில் நின்ற வண்டி

எங்கள் ஷோரூமுக்குள் முதல் தடவை கால் வைக்கிறவர்களில் பாதிப் பேர் வண்டியைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பார்கள். "எவ்வளவு சமமா இருக்குதுங்க!" என்பார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி போகிற சாலையில் ஒரு வளைவைத் தாண்டியதும், பாதியை மலையில் வெட்டி, மீதியைத் தூண்மேல் நிறுத்திக் கட்டிய இடம் அது. இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூட மைதானமே ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் நாலைந்து கார்கள் வரிசையாக நிற்கிற அளவுக்குச் சமதரை என்றால் யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த ஆச்சரியம் வேலைக்குச் சேர்ந்த வருடத்தோடு தீர்ந்துவிட்டது. இப்போது அந்தத் தரையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

என் வேலை டெலிவரி. பேசிப் பேசி விற்கிறவர்கள் வேறு. அவர்கள் விற்று முடித்த வண்டியைக் கழுவித் துடைக்க வைத்து, வாங்கியவர் கையில் ஒப்படைத்து, நல்லபடியாக வெளியே அனுப்பி வைக்கிறவள் நான். மாலை, ரிப்பன், கேக், தெர்மோகோலில் செய்த பெரிய சாவி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை, எல்லாம் என் பொறுப்பு. குடும்பத்தை வண்டிக்கு முன்னால் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, போட்டோ எடுப்பதும் நான்தான். முகூர்த்த நாளில் ஒரு குடும்பம் மாற்றி ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இருக்கும். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தாக வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் தாடை வலிக்கும்.

சிரித்து முடித்த பிறகுதான் வினை ஆரம்பிக்கும். வாங்கியவருக்கு லைசென்ஸ் கைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மாமன் மச்சான் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவரே உட்கார்ந்து, அவரே ஓட்டி, அவரே எலுமிச்சையை நசுக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்கிறவர் அவருக்கு ஜென்ம விரோதி.

இந்த மலையில் வண்டி பழகியவர்களுக்குக் கிளம்புவது என்றாலே ஏற்றத்தில் கிளம்புவதுதான். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முனகியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்குவார்கள். கொஞ்சம் தயங்கினாலும் பின்னால் நிற்கிற பஸ்மேல் போய் உட்கார வேண்டியதுதான் என்று பயமுறுத்தியே கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதே மிதியை எங்கள் சமதரையில் மிதித்தால் என்ன ஆகும்? ஒரு பேங்க் ஆபீசர் அப்படி மிதித்து, பக்கத்தில் நின்ற வண்டியையும் சேர்த்துக் கண்ணாடிவரை தள்ளிக்கொண்டு போனார். ஒரு டீச்சர் அழகாக எடுத்து அழகாக நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பூரிப்பில் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டார், காப்பி மெஷின் போய்விட்டது. மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டுகிறேன் என்று சோபாவில் ஏற்றிய புது மாப்பிள்ளையும் உண்டு. நல்ல வேளை, மாமனார் அப்போதுதான் எழுந்து பாத்ரூம் பக்கம் போயிருந்தார்.

இதையெல்லாம் யாரிடம் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். உடைந்த கண்ணாடிக்குப் பதில் தார்ப்பாய் கட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து புதுக் கண்ணாடி ஏறி வருகிறவரை, மழைக்காலக் குளிரில் குல்லாவும் சால்வையுமாக உட்கார்ந்து வேலை பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். ஷோரூமுக்குள் எங்கள் டிரைவரைத் தவிர யாரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எலுமிச்சையை அவர்தான் நசுக்குவார். சரிவில் இறக்கி ரோட்டோரம் நிறுத்திய பிறகுதான் வண்டி சொந்தக்காரர் கைக்குப் போகும். இதற்கு ஒவ்வொரு டெலிவரியிலும் நான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "எங்க வண்டிங்க, நாங்க ஓட்டக் கூடாதுங்களா?" என்பார்கள். "ரோட்டுல ஓட்டுங்க, ஊட்டி வரைக்கும் ஓட்டுங்க, இங்க மட்டும் வேண்டாமுங்க" என்பேன். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

எங்கள் டிரைவர் சேரம்பாடிக்காரர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அரசுத் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்து, தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர், எஸ்டேட் ஜீப் என்று ஓட்டி, பிறகு எங்களிடம் வந்தார். மனைவி இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறார். இவர் குன்னூரில் ஒரு அறையில் தங்கி, வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருவார். வீட்டை இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்வார், என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். மகள் கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிகிறவரை இந்த வேலை நிலைக்க வேண்டும். இதைத் தவிர அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. தன் உடம்புக்கு முடியாத நாளிலும் லீவு போடமாட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அவருக்கு என்று சொல்வது தப்பு, இந்த மலையில் வண்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் உள்ள பழக்கம். வண்டியை நிறுத்தினால் கியரில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், டயருக்கு ஒரு கல். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி இங்கே யாரும் வண்டியை விட்டுப் போகமாட்டார்கள். அதேபோல வண்டிக்குள் உட்கார்ந்ததும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் கியர் கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பார்கள், நியூட்ரலுக்கு வந்துவிட்டதா என்று. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல, யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது.

ஷோரூமுக்குள்ளும் அண்ணன் அப்படித்தான் விடுவார். வண்டிகள் ரோட்டைப் பார்த்து நிற்பதால் எல்லாம் ரிவர்ஸில் இருக்கும். சமதரையில் எதற்கு என்று கேட்டால், பழைய கதை ஒன்றைச் சொல்வார். நான் சேர்வதற்கு முன்னால், நியூட்ரலில் நின்ற ஒரு வண்டி ஆளில்லாமல் தானாக நகர்ந்து, விடிந்து வந்து பார்த்தால் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றதாம். கண்ணாடியில் கோடு கோடாக விரிசல். "பார்வைக்குத்தான் தங்கச்சி இது சமம்" என்பார். அன்றிலிருந்து அவர் கியரில்தான் விடுகிறார், அன்றிலிருந்து எந்த வண்டியும் நகரவும் இல்லை.

நடுவில் முதலாளி மாறினார். ஷோரூமைக் கோயமுத்தூர்க்காரர்கள் வாங்கினார்கள். கீழே அவர்களுக்கு இன்னும் சில ஷோரூம்கள் இருந்தன. வந்த கையோடு ஒரு சட்டம் போட்டார்கள்: உள்ளே நிற்கிற வண்டி எல்லாம் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில் நிற்க வேண்டும். அண்ணன் தலையாட்டினார். ஆனால் கை பழைய வேலையைத்தான் செய்தது. நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தப்பாக அது எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

வினையாகிப்போன அந்த வண்டியை வாங்கியவர்கள் அரவேணுக்காரர்கள். பெரியவருக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருந்தது. வருடக்கணக்கில் ஒரு பழைய ஜீப்பில் கொழுந்து ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போய்வந்தவர், முதுகு வலியால் அதை விற்றுவிட்டார். மனைவி தவறிப்போய்விட்டார். ஒரே மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா இனிமேல் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று மகன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொடுத்த சின்ன வண்டி அது. பெரியவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சந்தோஷத்தில் என்னிடம் மூன்று தடவை, "பையன் வாங்கிக் குடுத்ததுங்க அம்மணி" என்று சொன்னார்.

போட்டோ எடுத்து முடித்தோம். சாவி மகன் கையில் இருந்தது. அதை வாங்கி டிரைவரிடம் கொடுப்பதுதான் அடுத்த வேலை. அண்ணன் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் வண்டிக்குப் பின்னால் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. குலதெய்வத்தின் பேர் போட்ட ஸ்டிக்கர் ஒன்றைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். பின் கண்ணாடியில் அதை ஒட்டி, விரலால் நீவிக்கொண்டிருந்தார். எல்லோரும் முன்னால்தானே நிற்பார்கள், ஆரத்தி முன்னால், போட்டோ முன்னால். வண்டியின் முதுகுப் பக்கம் ஆள் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

மகனுக்கு வீடியோவில் பாட்டு வர வேண்டும். சாவியைத் திருப்பினால்தான் வண்டி ஸ்டீரியோவில் பாட்டு ஓடும். பையன் வண்டிக்குள் ஏறக்கூட இல்லை. வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைச் சொருகினான். சென்னையில் அவன் வாடகைக்கு எடுத்து ஓட்டியதெல்லாம் கிளட்ச் இல்லாத வண்டி. கியர் கம்பியை ஆட்டிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு எப்படி வரும்? பள்ளிக்கூடத்து வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போன பிள்ளை. அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, சாவியத் தொடாதீங்க!" என்று கத்தினார். அதற்குள் அவன் ஒரேயடியாக, ஸ்டார்ட் ஆகிற வரை முழுக்கத் திருப்பிவிட்டான்.

ஹேண்ட் பிரேக்கையும் மீறி வண்டி பின்னால் ஒரு துள்ளு துள்ளி நின்றது. அவ்வளவுதான். கண்ணாடி உடையவில்லை, பெரிய சத்தம்கூட இல்லை. பெரியவர் வண்டிக்கும் பின்னால் இருந்த தூணுக்கும் நடுவில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அவர் அலறினார். அண்ணன்தான் ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து வண்டியை ஒரு சாண் மட்டும் முன்னால் எடுத்து, பெரியவரைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

மகன் வெளுத்துப்போய் நின்றான். "வண்டிய ரிவர்ஸ்ல உட்டது யாரு?" என்றான். பயத்தில் வந்த கேள்வி அது. யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அண்ணன், பெரியவரின் தலையைப் பிடித்தபடியே, "நான்தான் தம்பி" என்று சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்கிறவருக்கு அப்படித்தான் வாயில் வரும். அங்கே நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கோயமுத்தூருக்கு அனுப்பி, காலுக்குள் பிளேட் வைத்தார்கள். நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மகன் வராந்தா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவர் மேல தப்பில்லீங்க அம்மணி. எனக்குத் தெரியாதுங்களா? நானே அப்பிடித்தான உடுவேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கோயமுத்தூரிலிருந்து கம்பெனி ஆபீசர் விசாரிக்க வருகிறார், அண்ணனை அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், இதையே நீங்கள் அவரிடமும் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"பையன் சோறு தின்னறதில்லீங்க. அப்பன் காலை ஒடச்சவன்னு சொந்தத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க. இனி இந்த மலைக்கே வரமாட்டேங்கறானுங்க."

அவர் பேச்சு எங்கே போகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

விசாரணைக்கு வந்த ஆபீசர் சின்ன வயதுக்காரர். கெட்டவர் இல்லை. மலை ஏறி வந்ததில் தலை சுற்றி, வந்ததும் எலுமிச்சை ஜூஸ் கேட்டார். ஷோரூமிலேயே வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காராமல் பின்னால் நின்றார். பெரியவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தான். வாக்கர் ஊன்றித்தான் அவரால் நடக்க முடிந்தது.

நான் முந்திக்கொண்டு பேசினேன். இங்கே எல்லோரும் கியரில்தான் விடுவோம், பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள் என்று யார் கண்டார்கள் என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"மேடம், ரோட்டுல சரி. ஷோரூம் என்ன மலையா? தரைதானே?" என்றார் ஆபீசர்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பார்வைக்குத்தான் இது சமம் என்று அண்ணன் அடிக்கடி சொல்வது ஞாபகத்துக்கு வந்தது. விபத்து நடந்த அன்றைக்கு வண்டி பின்னால் போனதால் எலுமிச்சை ஒன்றுகூட நசுங்கவில்லை. களேபரத்தில் யாரோ காலால் தட்டியதில் ஒன்று கண்ணாடி ஓரத்துக்குப் போய்க் கிடந்தது. மறுநாள் அதை எடுக்கும்போது, தட்டியவர் பலமாகத் தட்டினாரா, அல்லது தரைதான் கொண்டுபோய்ச் சேர்த்ததா என்று யோசித்திருந்தேன். ஜூஸ் போட வாங்கியதில் மீதி இருந்த எலுமிச்சையைத் தட்டிலிருந்து எடுத்தேன். நல்ல உருண்டையாக, காம்புக் குமிழ் இல்லாததாகப் பார்த்து எடுத்து, வண்டி நிற்கிற இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன்.

முதலில் அது நின்றது. ஆபீசர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அது லேசாகப் புரண்டது. மெதுவாக, நடக்கப் பழகுகிற குழந்தைபோலக் கொஞ்சம் தயங்கித் தயங்கி, டைல்ஸ் இடுக்குகளில் நின்று நின்று, ரோட்டுப் பக்கம் உருண்டது. வேகம் பிடித்து, கடைசியில் கண்ணாடியில் முட்டி நின்றது. எத்தனையோ பேர் வியந்து பார்த்த சமதரை சமதரையே இல்லை என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஆபீசர் எழுந்துபோய் அதை எடுத்து வந்து தட்டில் வைத்தார். "சரிதான் மேடம். ஆனா நியூட்ரல்னு சொல்லியிருக்கு. சொல்லியும் கேட்கலைன்னா நான் மேல என்ன சொல்றது?" என்றார். பிறகு பெரியவரைப் பார்த்தார். "அடிபட்டது நீங்க. இந்த ஊர்க்காரர், ரொம்ப காலமா வண்டி ஓட்டினவர். நீங்க சொல்றதுதான் ஐயா. வண்டியை அவர் கியர்ல விட்டது சரியா, தப்பா?"

பெரியவர் அண்ணனைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். அவன் தலையைத் தொங்கப் போட்டு, அப்பாவின் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நியூட்ரல்ல உட்டிருக்கோணுமுங்க" என்றார் பெரியவர்.

மகன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ஒரு மனிதனின் பிழைப்பு முடிய அவ்வளவு நேரம்தான் ஆனது.

அண்ணன் கம்பெனி பேர் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, என் மேஜைமேல் வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் பெரியவர் சொன்னதைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தேன். "விடு தங்கச்சி. பெத்த மனுசன் வேற என்னத்தச் சொல்லுவாரு?" என்றார். எனக்குப் பெரியவர்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் அதிகம் கோபம் வந்தது. இப்படி அடுத்தவரையே புரிந்துகொண்டு போனால் உங்களுக்காக யார்தான் பேசுவது? உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறதே அண்ணா என்று கேட்டுவிட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

வேறு ஷோரூம்களில் கேட்டுப் பார்த்தார். எங்கே போனாலும் எங்களிடம் போன் பண்ணி விசாரிப்பார்கள். கஸ்டமர் காலை உடைத்தவர் என்று பேர் ஆகிவிட்டது. இப்போது சேரம்பாடியில் இருக்கிறார். யாராவது கூப்பிட்டால் பிக்கப் ஓட்டப் போவார், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாள் போனில், மகள் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பாதியில நிக்குது தங்கச்சி. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. அப்புறமா படிச்சுக்கிறேன்னு சொல்லுது பிள்ளை" என்றார். போனை வைத்துவிட்டு ரிப்பன் கட்டப் போனேன். அன்றைக்கும் ஒரு குடும்பம் சிரிப்பதற்காகக் காத்திருந்தது.

ஷோரூமில் இப்போது எல்லா வண்டியும் நியூட்ரலில்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் ஒரு காலை வந்து பார்த்தால், முன் வரிசையில் நின்ற வண்டி கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. முந்தின நாள் அது அங்கே இல்லை. மேலிடத்துக்குச் சொன்னேன். ஒவ்வொரு டயருக்கும் முன்னால் வைக்க, கம்பெனி நிறத்தில் ரப்பர் கட்டை அனுப்பி வைத்தார்கள். கல்லுக்குப் பதில் ரப்பர். வாங்கிப் போட்டேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

போன மாதம் அரவேணுவில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, குன்னூர் பஸ்ஸுக்காகக் கடைத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை பேருக்குச் சாவி கொடுத்தவளுக்கு இன்னும் பஸ்தான். இறக்கத்தில், மளிகைக் கடைக்கு முன்னால் அந்த வண்டி நின்றது. பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருந்தது, ஒரு மூலை ஒட்டப்படாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முன் டயருக்கு அணையாக ஒரு கல் வைத்திருந்தார்கள். போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே தெரியும், இருந்தாலும் பார்த்தேன். கியர் கம்பி ரிவர்ஸில் இருந்தது.

"ஏனுங்க, ஷோரூம் அம்மணிதானுங்க?"

பெரியவர் பையோடு கடையிலிருந்து இறங்கி வந்தார். வாக்கர் இல்லை, தடி மட்டும். ஒரு கால் மடங்காமல் விறைப்பாக வந்தது. முகத்தில் பழைய சந்தோஷத்தில் கொஞ்சம் இருந்தது. மகன் மாசா மாசம் வந்து போகிறான் என்றார். நன்றாகச் சாப்பிடுகிறான் என்றார். எனக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

"வண்டிய ரிவர்ஸ்ல உட்டிருக்கீங்க. நியூட்ரல்லதானுங்களே உடோணும்?" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நீளமாக இறங்கிப் போகிற ரோட்டைப் பார்த்தார்.

"இறக்கமுங்களே அம்மணி. உருண்டு போயிருமில்லீங்களா" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவரு இப்ப எங்கீங்க இருக்காரு?"

"சேரம்பாடில, ஊட்டுல."

"வேலை?"

"இல்லீங்க."

அவர் கதவைத் திறந்து, விறைத்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை. முதலில் கியர் கம்பியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் என் மனசு இளகவில்லை.

"அம்மணி, என்னால குனிய முடியலீங்க. அந்தக் கல்லைக் கொஞ்சம்..." என்றார்.

நான் குனிந்து கல்லை எடுத்தேன். வண்டி மெதுவாக இறங்கிப் போனது. அடுத்து அங்கே நிறுத்துகிறவருக்கு வேண்டியிருக்கும் என்று கல்லை ஓரமாக வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.